பகலில் தூங்கும் வீடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய், காரணம் இருக்கிறது, போனில் சொன்னால் பாதியிலேயே அழுது வைத்துவிடுவாய், பொறுமையாகப் படி.

மூன்று வயதாகப் போகிறதே, இன்னும் பேச்சு வரவில்லையே என்று நீ புலம்பியதால் நம் பொடிசை டாக்டரிடம் காட்டினோம். காதில் ஒரு குறையும் இல்லையாம், பேச்சுப் பயிற்சி தரும் டீச்சரம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா பொடிசு விளையாடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என் சட்டையை இழுத்து வாயைத் தொட்டுக் காட்டினாள், நானும் வாயைத் திறக்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். உடனே, "உங்க வீட்ல பகல்ல யாராவது தூங்குவாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாப்பிள்ளைக்கு மில்லில் ராத்திரி ஷிஃப்ட், இருப்பதோ ஒற்றை அறை, அவர் கண்ணயரட்டும் என்று நீ வெளியூருக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து நானும் அவளும் ஜாடையில்தானே குடும்பம் நடத்துகிறோம். பஸ்ஸில் கத்திக் கத்தியே டிக்கெட் கிழித்த கண்டக்டர், பேத்திக்கு ஊமைப்படம் காட்டியிருக்கிறேன் பார். சிணுங்கினால் உதட்டில் விரலை வைப்பேன், கேட்பதற்குள் எடுத்துக் கொடுத்துவிடுவேன். பிறகு அவள் எதற்குப் பேச வேண்டும்?

மாப்பிள்ளை இதைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். இப்போது பகலில் மில் ஓய்வறையிலேயே படுத்துக்கொள்கிறார், சாயங்காலம் வந்து மகளைக் கொஞ்சிவிட்டு மறுபடி வேலைக்குப் போகிறார். பொடிசு இன்னமும் அவர் பாய் கிடந்த மூலையைப் பார்த்து உதட்டில் விரலை வைக்கிறாள்.

செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு அவளுக்காகக் கொஞ்சம் காத்திருங்கள் என்றார் டீச்சரம்மா. எனக்கு அந்தக் காத்திருப்புதான் பெரும்பாடு. நேற்று துணி மடிக்கும்போது இது அப்பா சட்டை, இது தாத்தா துண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தேன், நீ விட்டுப்போன நீலத் துப்பட்டா வந்ததும் அதைப் பிடித்தபடி சும்மா இருந்தேன். அவள் அதையே பார்த்தாள். பிறகு என் காதருகே வந்து, வெறும் மூச்சில், "அம்மா" என்றாள். சத்தமே இல்லை மகளே, இந்த வீட்டில் அப்படித்தான் பேச வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தைகூட வரவில்லையா என்று நீ அழுதுகொண்டே போனை வைத்தாயே, அப்போது அவள் போனை வாயோடு ஒட்டிவைத்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். முத்தம் கொடுக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

குரல் மெல்ல வரும் என்கிறார் டீச்சரம்மா. நீ மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே, தாயே, உனக்கு ஒரு குறையும் வராது, நல்லா இருப்பாய். ஒன்று மட்டும் மறக்காதே. இனிமேல் போனில் சத்தம் வரவில்லை என்று உடனே வைத்துவிடாதே, கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திரு.

இப்படிக்கு,
உன் அப்பா