வெர்லினின் ஏழு துப்பாக்கிகள்

மார்ச் 4, செவ்வாய்

பத்தொன்பதாம் தேதி மாநிலத் தலைநகரில் சட்டமன்றக் குழு முன்னால் நான் பேச வேண்டுமாம், மாவட்டத் துப்பாக்கி உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில். மசோதா இதுதான்: ஒருவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்று வீட்டார் மனுக் கொடுத்தால், அவருடைய துப்பாக்கிகளை நீதிபதி சில மாதங்களுக்கு வாங்கி வைக்கலாம். குற்றமே செய்யாதவனிடமிருந்து பறிப்பதா? அதுவும் கூடப் பிறந்தவர்கள் மனுப் போட்டு? எதிர்ப்புப் பேச்சின் முதல் பக்கம் எழுதிவிட்டேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது.

மார்ச் 8, சனி

தம்பி வெர்லின் தன் நாயைக் கொண்டுவந்து விட்டுப் போனான். “நீயே வச்சுக்கக்கா. இனிமே எனக்கு எதுக்கு.” மனைவி ஜனெல் அவனை விட்டுப் போன பிறகு இந்த ஒன்றரை வருடமாக அந்த நாய்தான் அவனுக்குத் துணை.

மார்ச் 9

சர்ச்சில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. இனிமே என்றால்?

மார்ச் 11

அவன் வீட்டுக்குப் போய் நேராகவே கேட்டேன், சாகணும்னு நினைக்கிறியா என்று. இல்லை என்று சொல்லவில்லை. டாக்டரிடமும் வர மாட்டானாம். ஏழு துப்பாக்கிகளையும் கொடு, என் வீட்டில் இருக்கட்டும் என்றேன். சிரித்தான். “கேக்கறது யாரு? அக்காவா, சங்கத்துச் செயலாளரா?”

அங்கிருந்து நேரே எங்கள் மாவட்டப் போலீஸுக்குத் தலைவரான ஷெரிஃப் ஹோல்கமிடம் போனேன்.

“அவன் யாரையும் மிரட்டல, ஒரு தப்பும் பண்ணல. எந்தச் சட்டத்த வச்சு வாங்கச் சொல்றீங்க, நோரீன்? அந்தச் சட்டம் வரக் கூடாதுன்னுதானே நீங்க பேசப் போறீங்க?”

குத்திக்காட்டவில்லை அவர். உண்மையாகவே கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 14

மூன்று நாளாக எனக்குப் படுக்கை வெர்லின் வீட்டு சோஃபாதான். போ என்கிறான். போக மாட்டேன். சங்கத் தலைவர் டெல்பர்ட் போனில், பேச்சு தயாரா என்றார். தயார் என்றேன். என்னத்த தயாரு? முதல் பக்கத்துக்கு மேல ஒரு வரி வரல. இத்தன வருஷம் நான் சொன்னதெல்லாம் பொய்யா? இல்லையே. இன்னைக்கும் அப்படித்தான் நெனைக்கிறேன் — இவன் ஒருத்தன் தவிர. இவன் தவிரன்னு ஒரு சட்டம் எழுத முடியுமா?

மார்ச் 19

தனியே விட்டு வர மனமில்லை. அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தான். எழுதிய தாளைப் பையிலேயே விட்டுவிட்டு, பெயர் சொல்லாமல், எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிப் பேசினேன். மசோதா வேண்டும் என்றேன். டெல்பர்ட் பாதியில் எழுந்து போனார்.

திரும்பும்போது எண்பதாவது மைலில் வெர்லின் ரேடியோவை அணைத்தான். பிறகு, “என்னைத்தானே சொன்ன?” என்றான்.

ஆமாம் என்றேன்.

“உன் குரல் நடுங்குச்சு. இருபது வருஷமா மேடையேறுற, ஒரு தடவகூட நடுங்கினதில்ல.”

மார்ச் 24

டாக்டரிடம் வந்தான். வண்டியைத் தானே ஓட்டுவதாகச் சொன்னான். ஓட்டட்டும்.

ஏப்ரல் 3

மசோதா இரண்டு வாக்கில் தோற்றது. சங்கத்துக்கு வேறு செயலாளர்.

காலையில் வெர்லின் வந்தான். வண்டியின் பின்னால், போர்வையில் சுற்றி, ஏழும். அவனும் என் கணவர் கர்ட்டிஸும் எங்கள் இரும்புப் பெட்டியில் அடுக்கினார்கள். காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது சொன்னான்: “எந்தச் சட்டமும் வாங்கல, நானாத்தான் கொண்டாந்தேன். அக்டோபர்ல மான் வேட்டைக்குக் கேப்பேன். என் மொகத்தப் பாத்துட்டு, குடுக்கலாமா வேணாமான்னு நீயே சொல்லு.”

‘இனிமே எனக்கு எதுக்கு’ என்றவன், அக்டோபர் என்றான்.