நைட் ஷிப்டில் இருக்கிறார்

ஜூன் 9, திங்கள்

இன்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் என் முறை. குடும்பத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். எனக்கு வியர்த்து ஊற்றியது. பேர் அன்புச்செல்வி, ஊர் மதுக்கரை, பீளமேட்டில் ஜவுளிக் கடையில் வேலை, மகள் அக்ஷிதா ஆறாவது படிக்கிறாள் – இதுவரைக்கும் எப்படியோ தள்ளிவிட்டேன்.

"ஹஸ்பண்ட்?" என்றார் நந்திதா மேடம்.

மை ஹஸ்பண்ட் நேம் இஸ் பிரவின்குமார். ஹி இஸ் எலக்ட்ரீஷியன் இன் மில். டுடே நைட் ஷிப்ட்.

எங்கிருந்து வந்தது அது? அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது பைபாஸில் லாரி. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் ஈயென்று சிரித்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஜூன் 10

பொய்கூட அவ்வளவு உறுத்தவில்லை. பேர்தான் உறுத்துகிறது. அவர் இருந்த வரைக்கும் அவர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. "ஏனுங்க"தான். வெளியாட்களிடம் "அக்ஷிதா அப்பா". ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பிள்ளையைத்தான் சொல்லச் சொல்வேன். முதல்முறையாக நேற்றுப் பேர் சொல்லியிருக்கிறேன், அதுவும் இங்கிலீஷில். கூப்பிட்டுவிட்டோமே, வந்துவிடுவாரோ – பஸ்ஸில் வரும்போது இப்படி ஓர் எண்ணம். எனக்குக் கிறுக்குத்தான் பிடித்திருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

மேடம் எங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்துவிட்டார். தினமும் சாயங்காலம் ஜோடிக்கு போன் போட்டு இங்கிலீஷில் மட்டும் பேச வேண்டும். என் ஜோடி ரம்ஜான் பீவி. உக்கடத்தில் துணி தைக்கிறவர், துபாயில் இருக்கும் மகளிடம் போகப் போகிறார். நல்ல மனுஷி. ஆனால் கேள்வியெல்லாம் என் வீட்டுக்காரரைப் பற்றித்தான். சாப்பிட்டாரா, என்ன ஷிப்ட், கோபக்காரரா?

சொல்கிறேன். உப்புமா செய்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார் என்று சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். இங்கிலீஷில் எங்கள் வீட்டில் சண்டைகூட நடக்கிறது. தமிழில் மாலை போட்ட படம் ஒன்று.

ஜூன் 19

அக்ஷிதாவுக்குப் புதுப் பள்ளிக்கூடம். அங்கே தமிழில் பேசினால் வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார்களாம். சேர்ந்த ரெண்டே வாரத்தில் எனக்கு வாத்தியார் ஆகிவிட்டாள். நான் போனில் பேசும்போது பக்கத்தில் எழுதிக்கொண்டே, "அப்படி இல்லம்மா" என்று வரிக்கு வரி திருத்துகிறாள். இன்று ரம்ஜான் பீவியிடம், அவர் நைட் ஷிப்ட் போயிருக்கிறார், காலையில் வருவார் என்றேன். பிள்ளையின் பேனா நின்றது. மறுபடி ஓடியது.

அந்த வரியை மட்டும் திருத்தவில்லை.

ஜூன் 25

பேசிக்கொண்டிருக்கும்போதே ரம்ஜான் பீவி தமிழுக்குத் தாவிவிட்டார். "பைக் சத்தம் கேக்குதுங்க. உங்க வீட்டுக்காரரு வந்துட்டாராட்ட இருக்குது. வெச்சர்றேன், போயி கதவத் தொறங்க."

எனக்கும் கேட்டது. ஸ்டாண்ட் போடும் சத்தம் முதற்கொண்டு. நான் எழுந்து கதவைத் திறந்துவிட்டேன் – எதுக்குத் தொறந்தேன்? வாசலில் ஒருவரும் இல்லை. தெருவில் ஒரு வண்டியும் இல்லை. திரும்பினால் அக்ஷிதா எழுந்து நிற்கிறாள். தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தோசை ஊற்றப் போனேன்.

ஜூன் 27, வெள்ளி

ஒரு ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கிறார்கள். மேடம் என் பேரைக் கொடுத்திருக்கிறார். அந்த வேலையில் உட்கார நாற்காலி உண்டு. கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிப்போகிறது, இதை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

"ஃபேமிலி பத்திக் கண்டிப்பா கேப்பாங்க. கிளாஸ்ல சொல்றதையே சொல்லுங்க. அது உங்களுக்குத் தண்ணிபட்ட பாடு" என்றார் மேடம்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று உள்ளதைச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு எழவில்லை. உயிரோடு இருப்பவரைப் பற்றித்தானே இத்தனை நாள் பேசிப் பழகியிருக்கிறேன்!

ஜூலை 3

கனவில் அவர் என்னிடம் இங்கிலீஷில் பேசினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பயந்துவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

இன்டர்வியூ முடிந்தது. சின்ன வயசுப் பையன்தான் கேள்வி கேட்டார். குடும்பம் என்றதும் மடமடவென்று ஆரம்பித்தேன். பிரவின்குமார், எலக்ட்ரீஷியன் – அதோடு நின்றுவிட்டேன். இந்த வேலை கிடைத்தால் இங்கேயும் தினம் கேட்பார்கள். நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் அந்த மனுஷன் நைட் ஷிப்டிலேயே கிடப்பதா? பாவம் இல்லையா அவர்?

ஹி இஸ் டெட், சார் என்றேன்.

அப்புறம் அழுகைதான். "தண்ணி குடிங்கம்மா" என்று அவரே தமிழுக்கு மாறிவிட்டார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மேடத்திடம் சொன்னேன். ரம்ஜான் பீவிக்கும் போன் போட்டு எல்லாவற்றையும் தமிழிலேயே கொட்டினேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கேட்டதோ வேறு.

"அப்ப அன்னைக்கு வண்டி வந்து நின்னுச்சே அம்மிணி, அது யாருங்க?"



ஜூலை 8

உள்ளதைச் சொல்லிவிட்டதை அக்ஷிதாவிடமும் சொன்னேன்.

"எல்லார்கிட்டயும் சொல்லிப்போட்டியாம்மா?"

"சொல்லிப்போட்டேன் கண்ணு."

"எதுக்குச் சொன்ன?"

போர்வையைத் தலையோடு இழுத்துக்கொண்டு படுத்துவிட்டாள். சாப்பிடவும் வரவில்லை.

ஜூலை 14

வேலை கிடைத்துவிட்டது! நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி முன்னால் பழகிக்கொள்கிறேன். மை ஹஸ்பண்ட் பாஸ்ட் அவே. இப்போது தடுக்காமல் வருகிறது. வீட்டில் பைக் சத்தமும் இல்லை. நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்?

ஆகஸ்ட் 2, சனி

அக்ஷிதா பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அவள் வகுப்பு மிஸ் இங்கிலீஷில்தான் பேசுகிறார். நான் சளைக்கவில்லை. படிப்பு, கையெழுத்து, கணக்கு எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொன்னேன். எனக்கே பெருமையாக இருந்தது.

கடைசியில் மிஸ் சிரித்துக்கொண்டே சொன்னார்: உங்கள் மகள் தினமும் அப்பாவைப் பற்றித்தான் பேசுகிறாள். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறேன், எப்போது பார்த்தாலும் நைட் ஷிப்ட் என்கிறாள். அடுத்த கூட்டத்துக்காவது அவரை வரச் சொல்லுங்கள்.

சேர்ந்த நாளிலிருந்து. என் வகுப்பில் நான் அதைச் சொல்வதற்கும் முன்னாலிருந்து.

அக்ஷிதா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. தலையைத் தூக்கவே இல்லை. சொல்ல வேண்டிய வரி என் நாக்கு நுனியில் இருந்தது, அத்தனை நாள் பழகிய வரி.

"யெஸ் மிஸ்" என்றேன். "நைட் ஷிப்ட். ஹி வில் கம் இன் தி மார்னிங்."

அக்ஷிதா திருத்தவில்லை.