நாலு விரல் விலகிய கதிரை

என் செல்ல அக்காவுக்கு,

இதை நீ வாசிக்கமாட்டாய். உன்னுடைய முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு வருகிறவர்கள்தான் வாசிக்கப்போகிறார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, தேத்தண்ணி வரும்வரைக்கும் இந்த நினைவு மலரைப் புரட்டுவார்கள். ஆனாலும் உனக்குத்தான் எழுதுகிறேன். அவர்கள் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. பியர்பொன்ட்ஸ் வீட்டில் உன் அறை அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அம்மா திறந்து தூசி தட்டுகிறா. நான் இன்னும் ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில், அதே காப்புறுதிக் கந்தோரில்தான் வேலை செய்கிறேன். பஸ், ரயில், பிறகு ஆற்றுக்கு அடியால் போகிற மஞ்சள் மெட்ரோ. கந்தோருக்குக் கிட்ட ஒரு அறை பார்த்து வைத்திருந்தேன். அம்மாவிடம் சொல்லத் தொடங்கியதும், "நீயும் போகப்போறியே?" என்று கேட்டா. பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை.

உன் ஆராய்ச்சிப் படிப்பைப் பற்றி இங்கே நாலு வரி எழுதவேண்டும். பிழை பிடிக்காதே. பழைய எகிப்தியர் கல்லறைகளின் கூரையிலும் சவப்பெட்டி மூடிகளிலும் நட்சத்திரங்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். பெயரை வாசிக்கலாம். அது வானத்தில் எது என்பதுதான் தெரியாது. எங்கள் சப்தரிஷி மண்டலம் அவர்களுக்கு ஒரு மாட்டின் முன்னங்கால் என்று தெரியும். ஓரையனும் சிரியசும் தெரியும். மற்றவற்றில் பெரும்பாலானவை இன்னும் வாதம்தான். இராட்சதன், பறவை, சிங்கம், படகு கட்டும் முளை. நீ அந்த முளையைப் பிடித்துக்கொண்டாய்.

கல்லறையில் எழுதியிருக்கிற அட்டவணைகளில் ஒரு மனிதன் நேராக அமர்ந்திருக்கிறான். நட்சத்திரங்களின் இடத்தை அவனுடைய உடம்பை வைத்தே சொல்லியிருக்கிறார்கள்: நெஞ்சுக்கு நேரே, இடது காதுக்கு மேலே, இடது தோளுக்கு மேலே. ஒருவன் ஆடாமல் இருப்பான். எதிரே இருக்கிறவன் அவன் தலைக்கு மேலே நகரும் நட்சத்திரத்தைப் பார்த்து நேரம் சொல்லுவான். நெஞ்சிலிருந்து தோளுக்குப் போக ஒரு நட்சத்திரத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? அந்த எண் கிடைத்தால் முளையைத் தேடலாம் என்றாய். "கடதாசியில கணக்குப் பாத்துச் சரிவராது. ஒராள் இருக்கவேணும்." அந்த ஒராள் நான்.

மே மாதம். மூன்று கிழமை முகிலுக்குப் பிறகு ஒருநாள் வானம் வெளித்தது. பின்வளவுச் சீமெந்தில் சோக்குக் கட்டியால் நாலு குறி போட்டு, அதில் கதிரையின் நாலு காலையும் வைத்தாய். இருட்டினதும் என்னை இருத்திவிட்டு, எதிரே வேலித்தடியில் கட்டிய நூலுக்குப் பின்னால் நீ குந்திக்கொண்டாய்.

"ஆடாதை."

"மூச்சு விடலாமோ?"

"அளவா விடு."

"எகிப்தில இப்பிடி இருந்த பூசாரிக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும். என்னை நுளம்பு தின்னுது."

"தின்னட்டும். வாயை மூடிக்கொண்டு இரடி, பூசாரி."

நட்சத்திரம் என் நெஞ்சுக்கு நேரே வந்தபோது நீ நேரத்தைக் குறித்தாய். தோளுக்கு வரும்வரை காத்திருக்கவேண்டும். அந்த இடைவெளியில்தான் அம்மா உள்ளே இருந்து கூப்பிட்டா. ஏதோ போத்தல் மூடி திறக்கவில்லையாம். "ஒரு நிமிசம், அசையாதை" என்று சொல்லிவிட்டு ஓடினாய். எனக்கு இரண்டு காலும் விறைத்திருந்தன. எழும்பினேன். வேலிவரைக்கும் நடந்து காலை உதறினேன். உன் காலடி கேட்டதும் திரும்பி ஓடிவந்து இருட்டில் கதிரையை இழுத்து இருந்துவிட்டேன்.

நீ எதிர்பார்த்ததைவிட முந்தியே நட்சத்திரம் என் தோளுக்கு வந்தது. "கீர்த்தி, வந்திட்டுதடி!" என்று கத்தினாய். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நானும் சிரித்தேன்.

விடியப் பார்த்தபோது கதிரை குறிகளை விட்டு நாலு விரல் விலகி நின்றது. நீ நித்திரை. நான் கதிரையைத் தூக்கி நாலு காலையும் நாலு குறியிலும் சரியாக வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன்? இன்னொரு தரம் இருக்கச் சொல்லிக் கேட்பாய் என்ற பஞ்சி, வெறும் சோம்பல். அவ்வளவுதான் அக்கா. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கலாம் என்று எத்தனையோ முறை தேடிப்பார்த்தேன். இல்லை.

அந்த எண்ணை நீ கணினியில் கொடுத்தாய். முளை போய்ச் சுவாதி நட்சத்திரத்தில் விழுந்தது.

அம்மா கறிக்குத் தாளித்துக்கொண்டு நின்றா. "சுவாதியோ? அது பிள்ளையின்ரை நட்சத்திரமெல்லோ!" என்றா. "அம்மா, மூவாயிரம் வருசத்துக்கு முதல் அவங்களிட்ட ஆர் என்ரை சாதகத்தைக் குடுத்தது?" என்று நீ சிரித்தாய். அம்மா சிரிக்கவில்லை. கடுகு கருகியதும் தெரியாமல் நின்றா.

பிறகு ஐப்பசியில் வருத்தம் வந்து படுத்தாய். ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம் கேட்டாய்: "நீ அண்டைக்கு எழும்பேல்லைத்தானே? என்ரை பேராசிரியை கேக்கிறா."

"இல்லையக்கா" என்றேன்.

"தெரியும்" என்றுவிட்டுக் கண்ணை மூடினாய். என்ன தெரியும், அக்கா? நான் எழும்பவில்லை என்பதா? எழும்பினேன் என்பதா? உன் குறிப்புப் புத்தகத்தில் அந்த நாளின் பக்கத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். "கீர்த்தி நன்றாக இருந்தாள்" என்று மட்டும் எழுதியிருந்தாய்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த மலரில் அம்மா ஒரு வரி சேர்த்தா: "தான் பிறந்த நட்சத்திரத்தை எகிப்தியரின் வானில் கண்டுபிடித்தவள்." யாரோ அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது, எகிப்தியருக்கு வானசாத்திரம் படிப்பித்தது தமிழர்தான் என்று வளர்ந்து எங்களிடமே திரும்பி வந்தது.

கோடையில் ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது வதனி அன்ரியும் அவவின் மனுசனும் வந்தார்கள். அன்ரி அம்மாவின் கையைப் பிடித்து, "அக்கா, மகள் எகிப்தில எங்கட சுவாதியைப் பிடிச்சவவாமே" என்றா. மனுசன் விடவில்லை. "அப்ப பிரமிட்டும் நாங்கள்தானோ கட்டினது?"

"கட்டியிருந்தா வாசலில ஒரு பிள்ளையார் இருந்திருப்பாரெல்லோ" என்றா அம்மா.

அக்கா, அம்மா பகிடி விட்டா! நீ போன பிறகு முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தா. சிரித்த முகத்தோடே என்னை முன்னுக்கு இழுத்தா. "இவதான் அண்டைக்குக் கதிரையில இருந்தவ. ஒரு மணித்தியாலம் சிலைமாதிரி இருந்தவ."

"ஓம்" என்றேன். அந்தச் சிரிப்பை நிற்பாட்ட எனக்குத் துணிவு வரவில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கதிரையில் இருந்தவள்தான்.

போன மாதம் உன் பேராசிரியையிடமிருந்து ஒரு உறை வந்தது. உன் கட்டுரையை உன் பெயரிலேயே வெளியிடப்போகிறா. எனக்கு ஒரு தாள் இருந்தது. அதில் ஒரே ஒரு வசனம்: "அமர்ந்திருந்தவர் முழு நேரமும் இடம் மாறவில்லை." கீழே என் பெயர். பெயருக்கு மேலே ஒரு கோடு.

அந்தத் தாளைப் பதினொரு நாள் கைப்பைக்குள் கொண்டு திரிந்தேன். மெட்ரோ ஆற்றுக்கடியில் போகும்போதெல்லாம் எடுத்து வாசித்தேன். கையெழுத்துப் போட்டால் அம்மாவுக்கு நட்சத்திரம் இருக்கும். உன் பெயர் அச்சில் வரும். பிழையென்று சொல்ல உலகத்தில் என்னைத் தவிர வேறு ஆளில்லை. ஆனால் உன் கட்டுரையை நம்பி இன்னொருவர் அந்த முளையிலிருந்து அளந்து, முன்னால் வருவது சிங்கம், பின்னால் வருவது இன்னது என்று வைப்பார். அதன்மேல் வேறொருவர். நான் காலை உதறினதற்காக ஒரு வானமே விலகி நிற்கும். போடாவிட்டால்? போடாவிட்டால் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மேசையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா.

"அம்மா, அண்டைக்கு நான் எழும்பினனான்."

"எண்டைக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். நடந்ததையும், கதிரையைத் திருப்பி வைத்ததையும். அம்மாவின் கை நிற்கவில்லை.

"கொக்காவுக்குத் தெரியுமோ?"

"கேட்டவ. இல்லையெண்டு சொன்னனான்."

"ஆஸ்பத்திரியிலயோ?"

"ஓம்."

கத்தியைக் கீழே வைத்தா. "அப்ப, சுவாதி?"

"தெரியாதம்மா. சுவாதியாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

உரித்த வெங்காயத்தை ஒருபக்கம் தள்ளிவிட்டுச் சொன்னா: "ஒரு கதிரையில ஆடாமல் இருக்கேலாமல் போச்சே உனக்கு."

அடுத்த நாள் பேராசிரியைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவ என்னைத் திட்டவில்லை. முளை திரும்பவும் "தெரியாதவை" பட்டியலுக்குப் போகும், உன் மற்றக் கணக்குகள் நிற்கும், அவற்றை மட்டும் வெளியிடலாம் என்றா. கடைசியில் "மெர்சி, கீர்த்தி" என்றா. எதற்கு நன்றி என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மா நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் இந்த மலரின் அச்சுப்படியைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டா. முதல் பக்கத்தில் அதே வரி, அதே சுவாதி.

"இதை நான் அழிக்கமாட்டன்" என்றா. "நீ கொக்காவுக்கு எழுது. எனக்குச் சொன்னமாதிரி எழுது. கடைசிப் பக்கத்தில போடுவம்."

அதனால்தான் ஒரே மலரில் இரண்டும் இருக்கின்றன.

சொல்லிவிட்டால் ஏதோ திறக்கும் என்று நினைத்திருந்தேன். திறக்கவில்லை, அக்கா. அதே பஸ். அதே வீடு. தேத்தண்ணியை என் முகம் பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போகிறா அம்மா. இப்போது நான் தனியறைக்குப் போனால், செய்ததற்குப் பயந்து ஓடுகிறாள் என்றாகும். இங்கேயே இருந்தால், நாங்கள் இரண்டு பேரும் உன் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு எத்தனை வருசம் இருப்போம்? நீயென்றால் என்ன செய்திருப்பாய்? நீயென்றால் முதல் நாளே எழும்பியிருக்கமாட்டாய்.

ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். சந்தையிலோ கோயிலிலோ யாராவது, அக்கா கண்டுபிடித்த நட்சத்திரம் எது என்று கேட்டால், அம்மா பக்கத்தில் நின்றாலும், "இன்னும் தெரியாது" என்பேன். ஏன் தெரியாது என்றால், "என்னால்தான்" என்பேன். உன் பெயரை வைத்து யாரும் ஒரு பிழையைக் கொண்டாடும்போது, இனி நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கமாட்டேன்.

பேராசிரியை அனுப்பிய தாளில் அந்தக் கோடு இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. கையெழுத்தை இங்கே போடுகிறேன்.

கதிரையை விட்டு எழும்பின
உன் தங்கச்சி,
கீர்த்தி