மூடிக்குக் கீழே கேட்ட சத்தம்

தியாகராய நகர்,
சென்னை.

அன்பு மகள் மதுமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நம்ம ஜவுளிக் கடையும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்க முருகன் துணை. கடைக்குமா சுகம் சொல்வார்கள் என்று சிரிக்காதே, கடையை விற்றுவிட்டு டொரண்டோவுக்கு வந்துவிடுங்கள் என்று போன கடிதத்தில் நீதானே எழுதினாய், அதனால் அதன் உடம்பையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு தடவை வெள்ளம் புகுந்து பட்டுச் சேலையெல்லாம் சாயம் இறங்கிப் போனபோது, இன்னொரு தடவை தண்ணீர் படியேறினால் மூடிவிடுவேன் என்று நான் சொன்னது உண்மைதான். அதே வாயால் இப்போது வேறு சொல்லப் போகிறேன், பொறுமையாகப் படி.

கார்த்திகையில் கொட்டித் தீர்த்ததே ஒரு மழை, அன்று விடிந்ததும் நானும் அம்மாவும் குடையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடினோம். பாதி வழியிலேயே அவள் அழத் தொடங்கிவிட்டாள். போய்ப் பார்த்தால் வாசற்படி நனைந்திருக்கிறது, அவ்வளவுதான், உள்ளே ஒரு சொட்டு இல்லை. இவ்வளவு தண்ணீரும் எங்கே போச்சு என்று எனக்கு விளங்கவில்லை. கடைக்கு முன்னால் புதிதாக மழைநீர் வடிகால் போட்டார்களே, அதன் மூடிக்குக் கீழே ஹோவென்று ஒரு சத்தம். நாங்கள் நிற்கிற தரைக்கு அடியில் ஒரு ஆறே போய்க்கொண்டிருக்கிறது மதுமதி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அம்மா குனிந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, நாம கட்டுன வரியா இப்படிச் சத்தம் போடுது என்றாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மூடியைக் கும்பிட்டாள். பக்கத்துச் செருப்புக் கடை தௌசீஃப் அதைப் பார்த்து, அக்கா, ஒரு உண்டியல் வச்சிடவா என்று கேலி செய்தான், ஆனால் அவனும் வந்து குனிந்து கேட்டான்.

இப்போது தேர்தல் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்கு இரண்டு கட்சி வேட்பாளர்களும் வந்தார்கள். ஒருவர் சொத்து வரியைப் பாதியாகக் குறைப்போம் என்றார், மண்டபமே அதிர்ந்தது, நானும்தான் கைதட்டினேன், வரி குறைந்தால் கசக்குமா. அடுத்தவர் சும்மா இருப்பாரா, வரியையும் குறைத்து வீட்டுக்கு வீடு மாதப் பணமும் தருவோம் என்றார். அப்போதுதான் எனக்கு அந்த மூடி ஞாபகம் வந்தது. நம்ம சொந்த ஊர்க் கடைக்காரர்கள் விற்ற மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை போட்டுப் பள்ளிக்கூடம் நடத்துவது உனக்குத் தெரியும். மகமையைக் குறைக்கச் சொல்லி எழுந்திருக்கிறவன், எந்த வேலையை நிறுத்துவது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் உட்காரச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் எழுந்துவிட்டேன். ஐயா, வரியைப் பாதியாக்கினால் எந்த வேலையை விடுவீங்க, வடிகாலில் வருஷா வருஷம் சேறு எடுக்கிறதையா என்று இருவரையும் கேட்டேன். ஒருவர் மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார், மற்றவர் வளர்ச்சி வந்தால் பணம் தானாக வரும் என்றார். நம்ம ஆட்கள் என் மேல்தான் பாய்வார்கள் என்று பார்த்தால், சங்கத் தலைவர் சக்திவேல் அண்ணாச்சி மைக்கை வாங்கி, பதில் இல்லாதவங்க உட்காருங்க என்று அந்த வேட்பாளர்களையே உட்கார வைத்துவிட்டார். எப்போதும் யாருக்காவது ஆதரவு என்று அறிக்கை விடுகிற சங்கம், பதில் வரட்டும் பார்க்கலாம் என்று கலைந்தது. பத்து ரூபாய் தள்ளுபடிக்கு மல்லுக்கு நிற்கிற ஆட்கள் நாங்கள், எங்களுக்கா இந்தப் புத்தி வந்தது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

யாருக்கு ஓட்டு என்று கேட்காதே, எனக்கே தெரியாது. சேறு எடுக்காமல் விட்டால் தண்ணீர் மறுபடி படியேறும் என்பது மட்டும் தெரியும். இருந்தாலும் கடை விற்பனைக்கு இல்லை என்று, விலை பேச வந்த புரோக்கரிடம் சொல்லிவிட்டேன். அம்மா தினமும் வாசல் தெளிக்கும்போது அந்த மூடிக்கும் ஒரு கை தெளித்துச் சின்னதாகக் கோலம் போடுகிறாள்.

குளிரில் காதை மூடிக்கொள், பிள்ளைகளோடு வீட்டில் தமிழில் பேசு. எங்கள் ஆசி எப்போதும் உங்களுக்கு உண்டு. மறக்காமல் ஐப்பசியில் லீவு போட்டுவிட்டு வா, மழையில் அந்த மூடிக்குப் பக்கத்தில் உன்னையும் நிறுத்துகிறேன். சத்தம் கேட்டால் சந்தோஷம். கேட்காவிட்டால், சேலைகளை மேல் தட்டில் ஏற்ற ஒரு ஆள் கூடுதலாக இருக்கும்.

இப்படிக்கு,
கடையை விற்காத உன் அப்பா
ராஜரத்தினம்