புறம் மாறித் தொங்கிய ஓடை

அனுப்புநர்
படங்களுக்குச் சட்டம் போடுபவர்,
மேட்டுத் தெரு.

பெறுநர்
நகராட்சி ஆணையர் அவர்கள்.

பொருள்: கண்காட்சியில் நான் செய்த பிழையால் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு நேர்ந்துள்ள ஆபத்து – பள்ளியை இன்றே மூடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நின்றபடியே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்தருள வேண்டுகிறேன்.

நம் மலை நகரத்தின் பழைய காலங்களை மக்களே வரைந்து வைத்த கண்காட்சி நகர மன்றத்தில் நடப்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஓடை ஓடிய காலம், சுரங்கம் தோண்டிய காலம், சந்தை வந்த காலம், இன்றைய ஊர் என நான்கு கண்ணாடித் தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்குகின்றன. நேரே நின்று பார்த்தால் எதன்மேல் எது எழும்பியது என்று தெரியும். மாட்டியவன் நான்.

பள்ளியின் பின்சுவரில் விரிசல் என்று தலைமையாசிரியை புகார் செய்ததால், சென்ற வாரம் தங்கள் பொறியாளர் வந்தார். தூர்த்து மூடிய பழைய ஓடை சுவருக்கு அடியில் போகிறதா என்று பார்க்க அலுவலகத்தில் வரைபடம் இல்லையாம். கண்காட்சியில் வந்து பார்த்தார். “ஓடை சந்தைக்கு அடியிலதான போகுது! இது வெறும் பூச்சு வெடிப்பு” என்று சொல்லி, ஆபத்தில்லை என எழுதிக் கொடுத்துவிட்டார்.

நேற்று மாலை, ஓடைத் தாளை வரைந்த சலவைக்கார அம்மாள் வந்தார். “அடப்பாவி, என் ஓடைய இந்தப் பக்கம் தூக்கிப் போட்டுட்டியே! நாங்க துவைச்சது பள்ளிக்கூடம் இருக்கிற பக்கமாச்சே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். கண்ணாடித் தாளுக்கு இரு புறமும் ஒன்றுதான். எழுத்து இருந்திருந்தால் புறம் தெரிந்திருக்கும். அவருக்கு எழுதத் தெரியாது, கோடு மட்டுமே போட்டிருந்தார். கழற்றித் திருப்பி மாட்டினேன். ஓடை நேராகப் பாலர் வகுப்பின் அடியில் போனது.

ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்தேன். சென்ற வாரம் நகம் நுழைந்த விரிசலில் இப்போது விரல் நுழைகிறது. குழாயே இல்லாத மூலையில் தரை ஊறிக் கிடக்கிறது. மூன்று நாளாக மழை விடவில்லை. தலைமையாசிரியை, “ஆர்டர் இல்லாம நான் எப்படிப் பூட்டுறது?” என்கிறார். பெற்றோரோ, அதிகாரியே எழுதிக் கொடுத்த பிறகு உனக்கென்ன என்று சிரிக்கிறார்கள். பொறியாளர் போனை எடுக்கவில்லை.

என்மீது எந்த நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள். ஆனால் இம்மனுவை வரிசைப்படி கோப்பில் வைத்துவிடாதீர்கள், ஐயா. படித்த கையோடு ஆள் அனுப்பிப் பிள்ளைகளை வெளியேற்ற உத்தரவிடுங்கள். பயமாக இருக்கிறது.

ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. என் மகளும் அந்தப் பாலர் வகுப்புதான். இன்று விடுமுறை என்று அவளிடம் பொய் சொல்லி வீட்டில் நிறுத்திவிட்டேன். மற்ற இருபத்திரண்டு பிள்ளைகளும் இந்த நேரம் அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: வியாழன், காலை பத்தேகால்

பதிலுக்காக இங்கேயே நிற்கும்,
(கையொப்பம்)
சட்டக் கடைக்காரர்