திருநாளுக்கு முதல்நாள் உடைந்தது

ஆசையும் ஆத்திரமும் சரிபாதியாக, என் தம்பி நிக்சனுக்கு,

மரியதாஸ் சம்மாட்டி போன மாதம் என் மேசைக்கு முன்னால் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஓமடா, ஊரின் பெரிய படகுக்காரன், அவனேதான். அவனுடைய படகு இஞ்சினை யாரோ களவெடுத்துவிட்டார்களாம். முறைப்பாடு எழுத வேண்டுமாம். பொலிஸ் நிலையத்தில் அவனை நான் "ஐயா" என்றுதான் கூப்பிட்டேன். இந்தக் கடிதத்தில் அவன் அவன்தான். உன்னைக் கொன்றவனுக்கு இதற்கு மேல் மரியாதை தர என்னிடம் இல்லை.

உனக்குச் சிரிப்பு வரும். சின்ன வயதில் பொரித்த மீனை யார் எடுத்தது என்று நான் உன்னைச் சுவரோடு நிற்க வைத்து விசாரிக்க, "போடி பொலிஸ்காரி" என்று பழித்துவிட்டு ஓடுவாய். இப்போது உண்மையாகவே பொலிஸ்காரியாகிவிட்டேன். உப பொலிஸ் பரிசோதகர். தொப்பி மட்டும் கொஞ்சம் பெரிது.

நீ போன நாளைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். எங்கள் ஊர்க்காரரும் வாசிக்க வேண்டும், வாசித்துத் தலை குனிய வேண்டும். அதனால் சொல்கிறேன்.

அரிப்புக் கிராமத்துக்குக் கிட்ட, கடலை நம்பியிருக்கிற ஊர் எங்களுடையது. கோயில் திருநாளுக்கு முதல்நாள், வெஸ்பர் அன்று, ஒருவரும் கடல் இறங்குவதில்லை. படகுகளைக் கரையில் ஏற்றிவிட்டுச் சனம் முழுக்கக் கோயிலடியில் நிற்கும். அன்று கடல் வெறுமையாகக் கிடக்கும். சட்டத்துக்கு ஒளித்து வெடி போட்டு மீன் பிடிக்கிறவனுக்கு அதைவிட வசதியான நாள் ஏது?

அன்று மத்தியானம் நீ எனக்கு யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தாய். பல்கலைக்கழகத்தில் கடைசிப் பரீட்சை, நான் திருநாளுக்கு வரவில்லை.

"அக்கா, சம்மாட்டி இண்டைக்குத்தான் வெடி போடப் போவான். நான் போய்ப் பாக்கப் போறன்."

"பாத்து என்ன செய்யப் போறாய்? வாயாலை சொன்னா ஆர் கேப்பினம்? ஆதாரம் வேணுமடா. போனிலை படம் எடுத்துக்கொண்டு வா."

அப்படிச் சொன்னது நான்தான். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் கடிதம் வெளியே வந்தால் தெரிய வரும். வரட்டும். பதினொரு வருடமாக அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நான் பட்டது போதும்.

திருநாள் காலையில், சுரூபக் கூடு ஊர் சுற்றுவதற்கு முதல், நீ கரை ஒதுங்கினாய். உன் வள்ளம் இரண்டாக உடைந்து கிடந்தது. மண்டையில் காயம். திடீர் மரண விசாரணையில் சம்மாட்டி நெஞ்சில் சிலுவை போட்டுவிட்டுச் சொன்னான்: "வெஸ்பர் அண்டைக்கு என்ர படகு ஒண்டும் கடல் இறங்கேல்லை. எல்லாம் கரையிலை ஏத்திக் கிடந்தது." ஊரே ஓம் என்று தலையாட்டியது. ஒருவராவது கரைக்குப் போய்ப் பார்த்தார்களா? எல்லாரும் கோயிலில் நின்றவர்கள்! அந்த நாளில் யாரும் போவதில்லை, ஆகவே அவனும் போயிருக்க மாட்டான். அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. நீ போன் எடுத்ததை நான் சொன்னபோது, அது தேவையில்லை என்று பொலிஸார் எழுதாமல் விட்டார்கள். வள்ளம் கல்லில் அடிபட்டது, பொடியன் கடலில் தாண்டு செத்தான், கதை முடிந்தது.

அதையும் பொறுத்திருப்பேன். ஆனால் செத்த வீட்டில் வைத்தே சொன்னார்கள்: "கோயில் நாள் எண்டும் பாராமல் கடல் இறங்கினவன். வேற என்ன நடக்கும்?" நம்முடைய சோற்றைத் தின்றுகொண்டு சொன்னார்கள். அன்றையிலிருந்து அம்மா திருநாளுக்குப் போவதில்லை. சொன்ன ஒவ்வொரு வாயும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பழி வாங்கத்தான் நான் பொலிஸில் சேர்ந்தேன். வேறு காரணம் சொன்னால் பொய். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடமும் ஒளிக்கவில்லை. "அதை ஆண்டவரிட்டை விடுங்கோ பிள்ளை" என்றார். "விட்டுப் பாத்திட்டன் ஃபாதர், அவர் கையிலை எடுக்கேல்லை" என்றேன். பாவம், மனிதர் இருமிக்கொண்டே மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்.

காக்கிச் சட்டை போட்டவுடன் அவனைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். எவ்வளவு விசரி நான்! எந்தச் சட்டத்தில், எதைக் காட்டிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. அதனால்தான் கொழும்பில் குற்றவியல் நீதி முதுமாணிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் ஏன் படிக்க வருகிறாய் என்று கேட்டார்கள். சேவையை மேம்படுத்த என்றேன். வெள்ளி பின்னேரம் பஸ், சனி ஞாயிறு வகுப்பு, திங்கள் காலை கடமை. பாடம் எல்லாம் இங்கிலிஷில். முதல் தவணையில் பாதி விளங்கவில்லை, மீதி விளங்கி அழுகை வந்தது.

ஒரு நாள் விரிவுரையாளர் சொன்னார், தடயத்தை முதலில் அழிப்பது அநேகமாகக் குற்றவாளி இல்லை, செத்தவருடைய வீட்டுக்காரர்தான் என்று. குறிப்பெழுதின பேனையைக் கீழே வைத்துவிட்டேன். நீ கரை ஒதுங்கியபோது போட்டிருந்த சேர்ட்டை நான்தானே கழுவினேன்? இரண்டு தரம் சவர்க்காரம் போட்டு, மினுக்கி, உனக்குப் போட்டுவிட்டேனே. அழகாகப் போக வேண்டும் என்று நினைத்தேனடா. வேறென்ன நினைத்தேன்?

இன்னொரு வகுப்பில், இரத்த உறவு விசாரிக்கிற வழக்கு நீதிமன்றத்தில் நிற்காது என்றார். நான் எழும்பிச் சண்டைக்கே போய்விட்டேன்.

"அப்ப சொந்தக்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதோ சேர்?"

"நீங்க கை வைச்சா, எதிர்ப்பக்கச் சட்டத்தரணிக்குத்தான் சந்தோஷம் மிஸ்."

அன்று அவர்மேலும் எனக்குக் கோபம். சம்மாட்டி என் முன்னால் உட்கார்ந்த நாளில்தான் அந்த மனுசனைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன்.

"பிள்ளை மெற்றில்டா, நீ எங்கட ஊர்ப் பிள்ளைதானே. ஒருக்காக் கெதியாக் கண்டுபிடிச்சுத் தா" என்றான். வாயில் வெற்றிலை. உன் பெயரை நினைத்த மாதிரியே தெரியவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டால் வெற்றிலை எந்தச் சுவரில் போய் ஒட்டும் என்றுகூடக் கணக்குப் பார்த்தேன். பிறகு பேனையை எடுத்தேன். களவுபோன பொருளுக்கு எவரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன்.

"இஞ்சினுக்கு ஏதும் அடையாளம் இருக்கோ ஐயா?"

"நம்பரைச் சுரண்டியிருப்பாங்கள். ஆனா அடையாளம் இருக்கு. தண்ணிக்குள்ளை சுத்துற காத்தாடிக்குக் கீழ, கத்தி மாதிரி வாற நுனி உடைஞ்சு வெல்டிங் வைச்சது. ஆயிரம் இஞ்சினுக்குள்ளை நான் காட்டுவன்."

"எப்ப வெல்டிங் வைச்சது?"

"அது கன காலம். பில் இருக்கு." அவன் எதையும் எறிகிறவன் இல்லை. கூட வந்த மூத்த மகன் உறையிலிருந்து எடுத்து நீட்டினான். சிலாவத்துறைப் பட்டறை ஒன்றின் பில். திகதியைப் பார்த்தேன் நிக்சன். நாங்கள் உன்னைப் புதைத்த நாள்.

"எப்ப உடைஞ்சது?"

"திருநாளுக்கு முதல்நாள். கடலிலை கல்லிலை பட்டு..."

அதோடு வாயை மூடினான். மூத்தவன் தகப்பனைப் பார்த்தான். சம்மாட்டி வெற்றிலையை மெல்லுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். அப்போதுதான் நான் யாருடைய அக்கா என்று அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எனக்குள் நூறு கேள்வி முட்டிக்கொண்டு வந்தது. எந்தக் கல்? ஆர் கூட இருந்தது? என் தம்பி கத்தினானா? ஒன்றையும் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுதியதை அவனுக்கு முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினேன்.

"நீங்கள் சொன்னது இதுதானே ஐயா? மாத்த வேணுமெண்டாச் சொல்லுங்கோ."

மாற்றினால் பில்லில் உள்ள திகதியோடு பொருந்தாது, இஞ்சின் அவனுடையது என்று காட்ட வழியில்லை. ஆசை பெரிது, இஞ்சின் புதுசு மாதிரி ஓடுமாம். பதினொரு வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வியை இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ, கையெழுத்து வைத்தான்.

அவன் போனவுடன் நிலையப் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி.யிடம் போனேன். நடந்ததைச் சொல்லி, இவனால் செத்தது என் சொந்தத் தம்பி, இந்த ஃபைலை இனி நான் தொடக்கூடாது என்று எழுதியும் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். "நங்கி, மிச்சம் கஷ்டம் இல்லையா உனக்கு?" என்று கேட்டார், தங்கச்சி என்பதைச் சிங்களத்திலும் மீதியைத் தனக்குத் தெரிந்த தமிழிலும். கஷ்டம்தான் சேர் என்றேன். வெளியில் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை, அவனை என் கையால் இழுத்து வர முடியாத எரிச்சலில்.

நீதவான் பழைய மரண விசாரணையைத் திறக்கச் சொன்னார். வேறு பிரிவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இஞ்சின் கொண்டச்சிப் பக்கம் ஒரு பற்றைக்காட்டுக்குள் கிடந்து பிடிபட்டது. அவனுக்குக் கொடுக்கவில்லை, சீல் வைத்துப் பூட்டியிருக்கிறது. அந்த அறையைக் கடந்துதான் தினமும் போகிறேன். எட்டியும் பார்ப்பதில்லை.

இன்னொரு செய்தி. உன் வள்ளத்தின் பாதியை விறகுக்குக் கேட்டார்களே, அம்மா கொடுக்கவில்லை. கோழிக்கூட்டுக்குக் கூரையாகக் கவிழ்த்து வைத்துவிட்டா. நான் உன் சேர்ட்டைக் கழுவினேன், அம்மா வள்ளத்தில் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்கவில்லை. பலகையில் நீளமாக ஒரு வெட்டு, பதினொரு வருடக் கோழி எச்சத்துக்கு அடியில் அப்படியே இருந்தது. ஆட்கள் அளந்து, படம் பிடித்து, கூரையையே கழற்றிக்கொண்டு போனார்கள். கல் அப்படி வெட்டாதாம். இஞ்சின் நுனியோடு பொருத்திப் பார்க்கக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"கொண்டு போங்கோ. ஆனா என்ர கோழி மழையிலை நனையுது, ஒரு தகரமாவது தந்திட்டுப் போங்கோ" என்று அம்மா அவர்களோடு சண்டை. அவர்கள் போன பிறகு கூட்டுக்குப் பக்கத்தில் கனநேரம் குந்தியிருந்தா.

போன வியாழன் அவனைக் கைது செய்தார்கள். நான் வேண்டுமென்றே லீவு கேட்டிருந்தேன், கிடைக்கவில்லை. வாசலில் எதிர்ப்பட்டுவிட்டோம். கையில் விலங்கு, சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது.

"பிள்ளை, நீதானே இதெல்லாம் எழுதினாய்?" என்றான்.

"ஓம் ஐயா. நீங்கள் சொன்னதைத்தான் எழுதினன்."

அவ்வளவுதான் பேசினேன். அந்த ஒரு வசனத்துக்காகப் பதினொரு வருடம் படித்திருக்கிறேனடா. தேன் மாதிரி இனித்தது. பாவம் என்றால் பாவமாகவே இருக்கட்டும், ஃபாதரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

வருகிற மாதம் வெஸ்பர். அம்மா புதுச் சேலை கேட்டிருக்கிறா. கோயிலில் முதல் வரிசை வாங்கில்தான் இருப்பாவாம், நானும் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். யூனிபோர்மோடு வரச் சொல்கிறா. அன்றைக்கு உன்னைப் பற்றிச் சொன்ன வாய்கள் எல்லாம் நமக்குப் பின்னால் இருந்துதான் பாட வேண்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவன்மேல் என் விரல்கூடப் படாது. இந்த வழக்கில் என் கை பட்டு எதுவும் கெடாது. படம் எடுத்து வரச் சொன்ன நான், அந்தப் படம் இல்லாமலே ஆதாரம் கொண்டு வந்துவிட்டேன். தீர்ப்பு வாசிக்கிற நாளில் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் இருப்பேன், அவன் திரும்புகிற பக்கமெல்லாம் என் முகத்தைத்தான் பார்ப்பான்.

நீ பழித்துவிட்டு ஓடிய அதே பொலிஸ்காரி,
உன் மெற்றி அக்கா