வரவேற்பறையில் மாட்டிய படம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் விட்டதா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு நல்ல செய்தி. எங்கள் கம்பெனியின் எல்லாத் துறைகளின் கணினிகளையும் ஒன்றாக இணைக்க, மென்பொருள் ஆர்க்கிடெக்ட் என்ற முறையில் நான் வரைந்த திட்டப் படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். அதன்படி யாரும் எதையும் செய்யவில்லை. மீட்டிங்கில் தலையாட்டிவிட்டு, ஒவ்வொரு துறையும் தன் இஷ்டத்துக்கு ஒரு மென்பொருள் வாங்கிக்கொண்டது.

மாட்ட வந்த தச்சர், "சார், இதுல எது மேல் பக்கம்?" என்றார். இத்தனை நாளில் அந்தப் படத்தைப் பற்றி ஒருவர் கேட்ட ஒரே கேள்வி. நானே இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், நானும் போய்த் தலையாட்ட வேண்டும். நீங்களும் அம்மாவும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். என் அறையில் ஆணி அடித்தே வைத்துவிட்டேன். அதிலாவது எது மேல் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மகன்